வானொலியில் பாடிய கணிப்பொறி

மாணவர்களே! ஓர் உலோகப் பெட்டியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். அதன் முன்பக்கத்தில் சிறு சிறு சுவிட்சுகள் வரிசையாக உள்ளன. அவற்றுக்கு மேலே கடுகு போன்ற சிவப்பு விளக்குகள். அவ்வளவுதான். எழுத்தைக் காட்டத் திரை இல்லை. தட்டுவதற்கு விசைப்பலகை இல்லை. ஒலியெழுப்ப ஒலிபெருக்கியும் இல்லை. ஆனால் 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்னும் ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றில், அந்தப் பெட்டி பாட்டு இசைத்தது!

இது எப்படி முடியும் என்றுதானே கேட்கிறீர்கள்? நியாயமான கேள்வி. விடை இயற்பியலில் இருக்கிறது. உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள மின்காந்த அலைகளும், வீச்சுப் பண்பேற்றமும், மேற்சுரங்களும் சேர்ந்துதான் அந்தப் பாட்டைப் பாடின. அதைப் பார்ப்பதற்கு முன் பெட்டியைப் பற்றியும் அதைச் சுற்றிக் கூடியவர்களைப் பற்றியும் தெரிந்து கொள்வோம்.

பெட்டியும் சங்கமும்

1970-களின் தொடக்கம் வரை கணிப்பொறி என்றால் அது ஒரு நிறுவனத்தின் சொத்து. பல்கலைக்கழகம், வங்கி, அரசு அலுவலகம் போன்ற இடங்களில் தனி அறையில் அது இருக்கும். கணக்குப் போட விரும்புபவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பார். தனி மனிதர் ஒருவர் வீட்டில் கணிப்பொறி வைத்துக் கொள்ள நினைப்பது, வீட்டில் ரயில் எஞ்சின் வாங்கி நிறுத்த நினைப்பது போல இருந்தது.

இந்த நிலையை மாற்றியது ‘ஆல்டேர் 8800’ என்னும் பெட்டி. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்தி வந்த ‘மிட்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் இதை உருவாக்கியது. ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் 1975 ஜனவரி அட்டையில் இதன் படம் வெளிவந்தது. நீங்களே பற்றவைத்துப் பொருத்திக் கொள்ளும் பாகங்களாக விலை 397 டாலர். இதன் மூளையான இன்டெல் 8080 சில்லுக்கு மட்டுமே அப்போது பட்டியல் விலை 360 டாலர்! ஆகவே ஆர்வலர்கள் போட்டி போட்டுக்கொண்டு பணம் அனுப்பினார்கள்.

வந்து சேர்ந்த பெட்டியின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 256 பைட். இந்தப் பத்தியில் உள்ள எழுத்துகளைக்கூட அதில் அடக்க முடியாது. ஒரு பைட்டை உள்ளே செலுத்த வேண்டுமானால் எட்டுச் சுவிட்சுகளை மேலும் கீழுமாக வைத்து, பிறகு மற்றொரு சுவிட்சைத் தட்ட வேண்டும். மேலே வைத்தால் 1. கீழே வைத்தால் 0. விடையையும் விளக்குகள் எரிவதைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். மின்சாரம் நின்றால் எல்லாம் அழிந்து போகும்.

‘இவ்வளவு சிரமப்பட்டு இதை வைத்து என்ன செய்வது?’ என்று யாரும் கேட்கலாம். அந்தக் கேள்வியுடன்தான் 1975 மார்ச் 5-ஆம் நாள் மென்லோ பார்க்கில், கார்டன் பிரெஞ்ச் என்பவருடைய வீட்டின் கார் கொட்டகையில் முப்பது பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் கூடினார்கள். இதுவே பின்னர் ‘ஹோம்ப்ரூ கணிப்பொறிச் சங்கம்’ என்று பெயர் பெற்றது. ‘வீட்டிலேயே செய்தது’ என்பது அப்பெயரின் பொருள். பொறியாளர், மாணவர், தொழில்நுட்ப உதவியாளர் எனப் பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். தெரிந்ததைச் சொல்வார்கள், தெரியாததைக் கேட்பார்கள், மிகுதியான உதிரிப் பாகங்களைப் பகிர்ந்து கொள்வார்கள். முதற் கூட்டத்துக்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வாஸ்னியாக் ஒருவர். அவர் பின்பு தாமே ஒரு கணிப்பொறியை வடிவமைத்து, அதன் சுற்றுப்படத்தைச் சங்கத்தில் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். அதுவே 1976-இல் ‘ஆப்பிள் 1’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

பாட்டு எங்கிருந்து வந்தது?

இந்தச் சங்கத்தின் உறுப்பினர்களுள் ஸ்டீவ் டாம்பியர் என்பவரும் ஒருவர். அவர் ஒரு நாள் தம் ஆல்டேரில் எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை ஓட்டினார். பக்கத்தில் வானிலைச் செய்தி கேட்பதற்காக வானொலிப் பெட்டி ஒன்று இருந்தது. நிரல் ஓடத் தொடங்கியதும் வானொலி ‘கொர்’ரென்று இரைந்தது. நிரல் மாறினால் இரைச்சலும் மாறியது. வேறொருவராக இருந்தால் எரிச்சலுடன் வானொலியைத் தள்ளி வைத்திருப்பார். டாம்பியரோ, ‘எந்தக் கட்டளைக்கு எந்த ஒலி?’ என்று ஆராயத் தொடங்கினார்.

அவர் கண்டது என்ன? படிப்படியாகப் பார்ப்போம். இங்கே தருவது நாமே போட்டுப் பார்க்கும் ஒரு மாதிரிக் கணக்கு.

ஆல்டேரின் இதயத்தில் ஒரு மின்கடிகாரம் நொடிக்கு 20 லட்சம் முறை, அதாவது 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு அரை மைக்ரோ நொடி. ஒவ்வொரு கட்டளைக்கும் இத்தனை துடிப்பு என்று கணக்கு உண்டு. ‘இந்த எண்ணிலிருந்து ஒன்றைக் கழி’ என்ற கட்டளைக்கு 5 துடிப்புகள். ‘விடை பூச்சியம் இல்லையென்றால் முந்திய கட்டளைக்குத் திரும்பு’ என்பதற்கு 10 துடிப்புகள். இரண்டையும் சேர்த்தால் 15 துடிப்புகள்; அதாவது 7.5 மைக்ரோ நொடி. இந்த இரண்டு கட்டளைகளையும் செக்குமாடு போல மீண்டும் மீண்டும் சுற்றவிட்டால், ஒரே மாதிரியான மின்னோட்ட மாற்றம் நொடிக்கு 1,33,333 முறை, அதாவது 133.3 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிகழும்.

மின்னோட்டம் மாறினால் கம்பியைச் சுற்றியுள்ள மின்புலமும் காந்தப்புலமும் மாறும் என்பது நீங்கள் அறிந்ததே. ஆல்டேரின் உள்ளே நீண்ட மின்தடங்கள் இருந்தன. அவை, யாரும் விரும்பாமலேயே, சிறு அலைபரப்பிகளாக வேலை செய்தன.

ஆனால் மத்திய அலை வானொலி ஏறத்தாழ 530 முதல் 1,700 கிலோஹெர்ட்ஸ் வரைதானே ஏற்கும்? 133.3 அதற்குள் இல்லையே! இங்குதான் மேற்சுரங்கள் உதவிக்கு வருகின்றன. வீணையின் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண் மட்டுமன்றி அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கின்றன அல்லவா? அதேபோல, கூர்மையாக ஏறி இறங்கும் மின்துடிப்பிலும் மடங்குகள் ஏராளமாக உண்டு. 133.3-இன் 4 மடங்கு 533.3, 5 மடங்கு 666.7, 6 மடங்கு 800. இவை எல்லாம் வானொலியின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. முள்ளை 667-க்கு அருகில் திருப்பினால் கணிப்பொறி என்னும் நிலையத்தைப் பிடித்துவிடலாம்!

இதுவரை நமக்குக் கிடைத்திருப்பது ஊர்தி அலை மட்டுமே. ஊர்தி அலை சீராக இருந்தால் வானொலியில் ஒலி எழாது. அதன் வீச்சு கூடிக் குறைந்தால்தான் ஒலி பிறக்கும். அதற்கு என்ன செய்யலாம்?

தொடக்க எண்ணாக 152-ஐ வைப்போம். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் 152 சுற்றுகளில் அது பூச்சியமாகும். அதற்கு ஆகும் நேரம் 152 × 7.5 = 1,140 மைக்ரோ நொடி. பூச்சியமானதும் கணிப்பொறி சுற்றிலிருந்து வெளியே வந்து, மீண்டும் 152-ஐ ஏற்றிக்கொண்டு பழைய இடத்துக்குப் போகும். அந்த ஒரு கணம் துடிப்பின் தாளம் கலைகிறது; 667 கிலோஹெர்ட்ஸ் அலையின் வலிமை சட்டென மாறுகிறது. இந்த மாற்றம் நொடிக்கு ஏறத்தாழ 877 முறை நிகழ்கிறது. (எண்ணை மீண்டும் ஏற்றுவதற்கு ஆகும் சிறு நேரத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் குறையும்.) வானொலி இந்த வீச்சு மாற்றத்தைப் பிரித்தெடுத்து ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஏறத்தாழ 877 ஹெர்ட்ஸ் உடைய ஒரு சுரம் கேட்கிறது! 152-க்குப் பதில் சிறிய எண்ணை வைத்தால் சுரம் உயரும். பெரிய எண்ணை வைத்தால் தாழும். சுரங்களுக்குரிய எண்களை வரிசையாக எழுதினால் அதுவே பாட்டு.

டாம்பியர் இவ்வாறு எண்களைக் கண்டுபிடித்து, ஏப்ரல் கூட்டத்துக்குத் தம் பெட்டியையும் வானொலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரலை ஏற்றினார். பாவம், அந்நேரம் பார்த்து மின்கம்பியில் யாரோ கால் இடற, எல்லாம் அழிந்தது. மீண்டும் முதலிலிருந்து தட்டினார். பிறகு வானொலியிலிருந்து ‘பீட்டில்ஸ்’ குழுவினரின் பாட்டு ஒன்று எழுந்தது. அது முடிந்ததும், யாரும் எதையும் தொடாமலேயே, ‘டெய்சி’ என்னும் பழைய பாட்டையும் பெட்டி தானாகத் தொடர்ந்தது. 1961-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாபெரும் கணிப்பொறி பாடிய பாட்டும் அதுவே. கூட்டத்தினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். ‘இதை வைத்து என்ன செய்வது?’ என்ற கேள்விக்கு அன்று அவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது. அது கணக்குப் போடும் விடையன்று, மகிழ்வதற்கான விடை.

ஒரு வழக்கு

ஆர்வலர்கள் கூடிய இடத்தில் கருத்து வேறுபாடும் எழுந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சுவிட்சு தட்டும் வேதனையைப் போக்க ‘பேசிக்’ என்னும் மொழி ஆல்டேருக்குத் தேவைப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் பில் கேட்ஸ், பால் ஆலன், மான்ட்டி டேவிடாஃப் ஆகிய மூன்று இளைஞர்கள். நிரல் துளையிட்ட காகித நாடாவில் இருந்தது. 1975-இல் நடந்த செயல்விளக்கம் ஒன்றில் அந்த நாடா ஒன்று சங்கத்தார் கைக்கு வந்து சேர்ந்தது. அதைப் பல படிகள் எடுத்து அடுத்த கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். வாங்கியவர்கள் மேலும் படிகள் எடுத்தார்கள்.

கேட்ஸ் கோபம் கொண்டார். 1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்டு ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தம் நிரலை விலை கொடுத்து வாங்கினார்கள் என்றும், உழைத்த நேரத்தைக் கணக்கிட்டால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும், நீங்கள் செய்வது திருட்டு என்றும் அதில் குறிப்பிட்டார். பெட்டிக்குப் பணம் கொடுக்கிறீர்கள், அதை இயக்கும் மூளை உழைப்புக்கு ஏன் கொடுப்பதில்லை என்பது அவர் வாதம்.

மறுபக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? அறிவைப் பகிர்ந்ததால்தானே இந்தச் சங்கமே வளர்ந்தது? வாஸ்னியாக் சுற்றுப்படத்தைக் கொடுக்கவில்லையா? டாம்பியர் தம் இசை நிரலை ஒளித்து வைத்தாரா? அதுவுமன்றி விலையும் மிக அதிகம் என்றார்கள்.

மாணவர்களே, நீங்கள் நடுவராக இருந்தால் யார் பக்கம் தீர்ப்புச் சொல்வீர்கள்? சற்று யோசியுங்கள். என் கருத்தைச் சொல்கிறேன். வாஸ்னியாக் கொடுத்தது அவருடைய பொருளை. நாடாவைப் படி எடுத்தவர்கள் கொடுத்ததோ பிறருடைய பொருளை. கொடை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல. எழுதியவர் மனமுவந்து கொடுத்தால்தான் அது கொடை.

சங்கத்தாரிலும் சிலர் இதை உணர்ந்தார்கள். வெறுமனே வாதாடாமல் வேலையில் இறங்கினார்கள். டென்னிஸ் ஆலிசன் என்பவர் ‘குட்டி பேசிக்’ என்னும் சிறிய மொழியின் அமைப்பை வகுத்து வெளியிட்டார். அதைப் பின்பற்றிப் பலர் சொந்தமாக நிரல் எழுதி வழங்கினார்கள். டாம் பிட்மன் என்பவர் தம்முடைய குட்டி பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். விலை நியாயமாக இருந்தால் மக்கள் வாங்குவார்கள் என்று காட்ட விரும்பினார்; வாங்கவும் செய்தார்கள். 1980-இல் அமெரிக்கச் சட்டம் நிரல்களுக்குப் பதிப்புரிமை உண்டு என்று தெளிவாக்கியது. 1989-இல் ரிச்சர்டு ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்று எழுதியவரே அனுமதி அளிக்கும் பொது உரிம ஆவணம் ஒன்றை வெளியிட்டார். இன்று விலைக்கு விற்கும் நிரலும் இருக்கிறது. உரிமையோடு இலவசமாகப் பகிரும் நிரலும் இருக்கிறது.

பனியில் பிறந்த பலகை

பாட்டையும் வழக்கையும் பார்த்தோம். மூன்றாவதாக, ஆர்வலர்கள் எப்படிக் கணிப்பொறி வழியே உரையாடத் தொடங்கினார்கள் என்பதைப் பார்ப்போம்.

1978 ஜனவரியில் சிகாகோ நகரைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. வெளியே போக முடியாது. வார்டு கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்னும் இரு ஆர்வலர்கள், சங்கச் செய்திகளை ஒட்டி வைக்கும் தக்கைப் பலகையைக் கணிப்பொறியிலேயே அமைத்தால் என்ன என்று யோசித்தார்கள். கிறிஸ்டென்சன் நிரல் எழுதினார். சூஸ் கருவிகளைப் பூட்டினார். 1978 பிப்ரவரி 16-ஆம் நாளை அதன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். பலருக்கும் உள்ளூர் அழைப்பாக இருக்கட்டும் என்று கருவியை நகருக்குள் இருந்த சூஸ் வீட்டில் வைத்தார்கள். தொலைபேசி மணி அடித்ததும் கணிப்பொறி தானே விழித்தெழுந்து அழைப்பை ஏற்கும். ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம், எழுதலாம். அவர் விலகியதும் அடுத்தவர். இருந்தும், ஓய்வு பெறுமுன் அது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகளை ஏற்றுவிட்டது!

தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைந்தது. ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். அதில் 0, 1 என்ற எண்களை எப்படி அனுப்புவது? சீழ்க்கையாக மாற்றித்தான். அதைச் செய்யும் கருவியே ‘மோடம்’. அழைப்பவருடைய மோடம் 1-க்கு 1,270 ஹெர்ட்ஸும் 0-க்கு 1,070 ஹெர்ட்ஸும் ஒலிக்கும். மறுமுனையிலிருந்து 1-க்கு 2,225, 0-க்கு 2,025. இரு பக்கத்துச் சுரங்களும் வேறு வேறு என்பதால் ஒரே கம்பியில் ஒன்றையொன்று குழப்பாமல் பேசலாம். நொடிக்கு 300 பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்க, முடிவு அடையாளங்களையும் சேர்த்து 10 பிட். ஆகவே நொடிக்கு 30 எழுத்துகள். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் 30 லட்சம் பைட் அளவுள்ள புகைப்படம் ஒன்றை அதில் அனுப்பினால் ஒரு லட்சம் நொடிகள், அதாவது ஒரு நாளுக்கும் மேல் ஆகும்!

கம்பியில் இரைச்சல் வந்து எண்கள் கெட்டுப் போனால்? இதற்கும் கிறிஸ்டென்சன் 1977-லேயே எளிய வழி கண்டிருந்தார். செய்தியை 128 பைட் கொண்ட கட்டுகளாகப் பிரிப்பது. கட்டிலுள்ள எண்களையெல்லாம் கூட்டி 256-ஆல் வகுத்து, மீதியைக் கட்டின் கடைசியில் சேர்த்து அனுப்புவது. மளிகைக் கடைச் சீட்டின் அடியில் மொத்தத் தொகை இருப்பது போல. பெறுபவரும் கூட்டிப் பார்ப்பார். சரியாக இருந்தால் ‘வந்தது’ என்பார். தவறினால் ‘மறுபடி அனுப்பு’ என்பார். 65, 66, 67 என்ற மூன்று எண்களின் கூட்டல் 198. இரைச்சலால் 66 என்பது 74 ஆகிவிட்டால் கூட்டல் 206 ஆகி, தவறு பிடிபடும். ‘எக்ஸ்மோடம்’ என்று பெயர் பெற்ற இம்முறையை அவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அது அவருடையது, அவர் கொடுத்தார். சூஸ் 2019-லும் கிறிஸ்டென்சன் 2024-லும் மறைந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் ஒரே பலகையில் கேள்வி கேட்டு விடை பெறும் பழக்கம் அவர்களுக்குப் பிறகும் உலகெங்கும் தொடர்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள்

வீட்டில் ஏ.எம். அலை ஏற்கும் பழைய டிரான்சிஸ்டர் வானொலி இருந்தால், எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்துங்கள். எரியும் எல்.இ.டி. விளக்கு, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றின் அருகே கொண்டு போங்கள். இரைச்சல் கேட்கிறதா? வானொலியை மெல்லத் திருப்பினால் இரைச்சல் கூடிக் குறைகிறதா? தூரம் அதிகரித்தால் என்ன ஆகிறது? குறித்து வையுங்கள். மின்சாரத்தில் இணைத்த எந்தக் கருவியையும் திறக்க வேண்டாம்.

இனி இரண்டு கேள்விகள். முதலாவது: 65, 66, 67 என்ற எண்கள் 65, 67, 66 என்று இடம் மாறி வந்தால் கூட்டல் முறை அதைக் கண்டுபிடிக்குமா? கண்டுபிடிக்காதென்றால், கூட்டலை எப்படித் திருத்தலாம்?

இரண்டாவது: 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமென்றால் நம் கணக்குப்படி 303 சுற்றுகள் தேவை. ஆனால் எட்டுப் பிட்டில் எழுதக்கூடிய பெரிய எண் 255 தானே! ‘ஒன்றும் செய்யாதே’ என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு 4 துடிப்புகள் ஆகும். அதைச் சுற்றுக்குள் சேர்த்தால் தொடக்க எண் எவ்வளவாக இருக்க வேண்டும்?

தாளை எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்றும் செய்யாத கட்டளையும் ஒரு சுரத்துக்கு உதவுகிறது என்று கண்டுகொள்ளும்போது, 1975-இல் டாம்பியர் அடைந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு உங்களுக்கும் கிடைக்கும். அடுத்த முறை வானொலி இரைந்தால் உடனே தள்ளி வைத்துவிடாதீர்கள். அது ஏன் இரைகிறது என்று ஒரு கணம் கேளுங்கள்.